ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு

அத்தியாயம் பதினேழு

போன வாரம் கணவனும் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் படுத்ததோடு விட்டோம். அதற்கப்புறம் ஐந்து நாள் ஓடிவிட்டது. இரண்டு மூலையும் அப்படியேதான் இருக்கின்றன.

சண்டைக்குக் காரணம் மறந்திருந்தால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு, மகளைப் பகலில் விடும் குழந்தைகள் காப்பகத்தை இரண்டு வாரம் மூடிவிட்டார்கள். கணவன் ஒரு வாரம் லீவு போடுவதாகச் சொல்லியிருந்தான். போடவில்லை. போடாததையாவது சொன்னானா என்றால் அதுவும் இல்லை. சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்த ஷிப்ட் அட்டவணைதான் அவளிடம் சொன்னது.

அவனுக்கு வேலை விமான நிலையத்தில், பெட்டிகள் ஏற்றி இறக்கும் பிரிவில். விடுமுறை வந்தால் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும். அத்தனை மூட்டையும் அவன் தோளில் ஏறித்தான் விமானத்துக்குப் போகும். இரவு ஷிப்டுக்கு ஆள் இல்லை என்று மேலதிகாரி சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அவள் பெரிய மருந்துக்கடை ஒன்றில் மருந்தாளுநர். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை நாலு மணிக்குத்தான் வீடு. ஆக, அவன் இரவில் உழைத்து எட்டு மணிக்கு வருவான். அவள் வாசலில் வைத்துக் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவாள். ஒன்றரை வயது மகளுக்கு அவன் வைத்திருந்த செல்லப் பெயர் பொட்டலம். பிறந்த அன்று துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தபோது வாயில் வந்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. இந்த ஐந்து நாளில் அந்தப் பொட்டலம் நிஜமாகவே கைமாறும் பொட்டலமாகிவிட்டிருந்தது.

பேச்சு இல்லையே தவிர, தகவல் போக்குவரத்து நிற்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தம், அதன் கீழே ஒரு சீட்டு. 'பால் காய்ச்சி வைக்கவும்.' 'டயப்பர் தீர்ந்துவிட்டது, கவனிக்கவும்.' கட்டிய மனைவியும் கணவனும் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி எழுதிக்கொண்டார்கள். வாய்விட்டுப் பேசவேண்டியது இருந்தால் குழந்தையிடம் பேசினார்கள். "அப்பாவுக்கு சாவி எங்க இருக்குன்னு தெரியுமாம்மா?" என்று அவள் கேட்பாள். குழந்தைக்கு எங்கே தெரியும், அவன் எடுத்துக்கொள்வான்.

இதற்கு நடுவில்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டினாள். வைரஸ் காய்ச்சல், மூன்று நாள் இருக்கும், காய்ச்சல் மருந்து மட்டும் போதும் என்றார்கள். அவள் ஒரு சீட்டில் எழுதி மாட்டினாள்.

'காய்ச்சல் மருந்து 5 மி.லி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கொடுத்ததும் நேரம் எழுதவும்.'

அது சிரப். குழந்தை அதை வாயில் வாங்கும், அடுத்த நொடி சட்டையில் துப்பும். இரண்டு நாள் பார்த்துவிட்டு, புதன்கிழமை மாலை கடையிலிருந்து டிராப்ஸ் வாங்கி வந்தாள். ஒரே மருந்துதான், ஆனால் டிராப்ஸ் நாலு மடங்குக்கு மேல் வீரியம். ஒன்றேகால் மில்லி போதும், துப்புவதற்குள் உள்ளே போய்விடும். இதைக் கடையில் அவள் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்வாள். "இது சொட்டு மருந்தும்மா, பழைய அளவுல குடுத்துடாதீங்க" என்று சொல்லி, பெட்டி மேல் பேனாவால் வட்டம் போட்டுத்தான் கொடுப்பாள். மற்றவர்கள் சலித்துக்கொண்டாலும் விடமாட்டாள்.

தன் வீட்டில் வட்டம் போடவில்லை. அன்றிரவு ஒன்றேகால் மில்லி கொடுத்துவிட்டு, பழைய சிரப் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு, பேனாவோடு ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். சீட்டின் அடியில் முந்தின நாள் அவள் எழுதிய இன்னொரு வரி இருந்தது. 'ஞாயிறாவது லீவு உண்டா?' அதற்கு அவன் பதில் எழுதவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் அடுத்த சீட்டு எழுதினால் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. காலையில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று பேனாவை வைத்துவிட்டாள்.

காலையில் என்ன ஆயிற்று? அவன் கண் சிவந்து, முதுகு வளைந்து வந்து நின்றான். குழந்தை அழுதது. பஸ் வரும் நேரம். அவள் குழந்தையின் கன்னத்தைத் தடவி, "மருந்து அலமாரியில இருக்கு, சமத்தா குடிக்கணும்" என்று குழந்தையிடம் சொன்னாள். அவன் வழக்கம்போலத் தலையாட்டினான்.

இனி வியாழக்கிழமை மாலை நாலு பத்து.

கடைத்தெருவில் விளக்குச் சரங்கள் பகலிலேயே எரிந்தன. பஸ்ஸில் எல்லோர் மடியிலும் பரிசுப் பைகள். அவள் ஒற்றைக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து, மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். அவன் கையில் ஈரத் துணியோடு திறந்தான்.

"ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா" என்றான். ஐந்து நாளில் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "இப்பதான் கொஞ்சம் படுத்திருக்கா. நான் பாயை அலசிட்டு வந்துடறேன்."

அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. குழந்தை சோபாவில் சுருண்டு கிடந்தது. வெளிறிப்போன முகம், ஒட்டிய உதடு. அவள் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனாள்.

மேடையில் டிராப்ஸ் பாட்டில் நின்றது. காலி. பக்கத்தில் பழைய சிரப்போடு வந்த அளவு மூடி, உள்ளே பிசுபிசுவென்று.

பதினைந்து மில்லி பாட்டில். நேற்றிரவு அவள் எடுத்தது ஒன்றேகால். நிமிர்ந்தாள். எதிரே ஃபிரிட்ஜ் கதவில், அவளுடைய உருண்டையான, எல்லோரும் மெச்சுகிற கையெழுத்தில், 5 மி.லி.

அவள் கை போய்ச் சீட்டை உருவியது. நாலாக மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டது. அதற்கப்புறம்தான் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள்.

ஏன் எடுத்தாள்? யோசித்து எடுக்கவில்லை என்று சொன்னால் நாம் நம்பலாம், பாதி நிஜம் அது. மீதிப் பாதி பயம். மருந்தாளுநர் தன் குழந்தைக்கே அளவைத் தப்பாக எழுதி வைத்தாள் என்று நாலு பேர் சொல்லப்போகும் பயம். அதைவிட, இத்தனை நாள் அவன்தான் தப்பு செய்தவன், அவள் பக்கம்தான் நியாயம். அந்த நியாயம் ஒரு நொடியில் கையைவிட்டுப் போகிற பயம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று கத்தினாள். "என்ன குடுத்தீங்க? எவ்வளவு குடுத்தீங்க?"

அவன் நனைந்த கையோடு ஓடி வந்தான்.

அவசரப் பிரிவில் விடுமுறைக்குப் பாதிப் பேர் போயிருந்தார்கள். இருந்த ஒரே டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். காலையிலிருந்து உட்காரவில்லை என்பது நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், எடை போடச் சொன்னார். பத்து கிலோ. ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டுக் கணவனிடம் திரும்பினார்.

எவ்வளவு என்று கேட்டதற்கு அவன் ஐந்து மில்லி என்றான். அது சொட்டு மருந்து என்று தெரியாதா என்றார். தெரியாது, எப்போதும் கொடுக்கிற மருந்து என்று நினைத்துவிட்டேன் என்றான்.

"அஞ்சு மில்லின்னு யார் சொன்னது?"

"சீட்டுல இருந்துச்சு டாக்டர். இவங்க எழுதி வெச்சிருந்தாங்க."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டே இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"அது பழைய சீட்டு" என்றாள். "நேத்து ராத்திரியே மாத்தி ஒண்ணேகால்னு எழுதிட்டேன்."

சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பாடத்தைத் தப்பாக ஒப்பித்த பையன் மாதிரி, தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றான்.

அவனுடைய தொழிலையும் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். பெட்டியில் கட்டியிருக்கும் சீட்டைப் பார், அதில் போட்ட விமானத்தில் ஏற்று. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காதே. ஒன்பது வருடமாக இதுதான் அவனுக்கு வேலை. ஒரு பெட்டியைக்கூட இடம் மாற்றி ஏற்றியதில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்படிப்பட்டவன் வீட்டுச் சீட்டைத் தப்பாகப் படித்துவிட்டானாம்.

எத்தனை தடவை கொடுத்தான் என்பதுதான் டாக்டரம்மாவின் அடுத்த கேள்வி. அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அதற்கப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, குழந்தையோடு பாயிலேயே சாய்ந்துவிட்டான். எழுந்து ஏதோ செய்த மாதிரி இருக்கிறது. பாயில் மருந்து கொட்டியிருந்தது. பாட்டில் சாய்ந்து கொட்டியதா, குழந்தை துப்பியதா, தெரியவில்லை. இரண்டு தடவைதான் இருக்கும்.

"இருக்கும்னா? இதுல ரெண்டா மூணாங்கறதுதான் முக்கியம்" என்றார் டாக்டரம்மா. "மொத்தம் எவ்வளவு உள்ள போச்சுன்னு வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். மூணுன்னா அதை முறிக்கற மாத்து மருந்து உடனே ஏத்தணும். அதுவும் இவ மூணு நாளா ஒண்ணும் சாப்பிடலைங்கறீங்க."

அவன் முகம் திடீரென்று தெளிந்தது. "நேரம் எழுதியிருப்பேன் டாக்டர். குடுத்ததும் எழுதிடுவேன். சீட்டுலயே இருக்கும்."

கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் ஒரு சாவி இருந்தது. அவன் அங்கேயே நின்று போன் செய்தான். ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு இருக்கும், அதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்றான். அந்த அக்கா மாடி ஏறிக் கதவைத் திறந்து உள்ளே போகும் ஒவ்வொரு சத்தமும் போனில் கேட்டது. அவன் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சீட்டு எதுவும் இல்லையேப்பா. காந்தம் மட்டும்தான் இருக்கு" என்றது போன்.

கீழே பார்க்கச் சொன்னான். பார்த்தார்கள். ஃபிரிட்ஜுக்கு அடியில் பார்க்கச் சொன்னான். அதையும் குனிந்து பார்த்தார்கள். இல்லை.

அவன் போனை மெதுவாக இறக்கினான். "அப்ப சீட்டை நானே எங்கயோ போட்டுட்டேன் போலிருக்கு, எழுதினேனான்னும் தெரியலை" என்றான் தனக்குத்தானே. பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "தூக்கக் கலக்கத்துல எதையும் சரியாப் பார்க்கலை டாக்டர். தப்பு என்னோடதுதான். அப்படியே எழுதிக்கோங்க" என்றான்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

அப்போது அவள் வாயைத் திறந்திருக்கலாம். பையின் ஜிப்பைத் திறக்க எத்தனை நேரமாகும்? ஆனால் ஒரு பொய்யைச் சொன்னவளுக்கு அதைக் காப்பாற்றுகிற வேலையும் சேர்ந்து வந்துவிடுகிறது. இரண்டு தடவைதானே, அவனே சொல்கிறானே, பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆறேகாலுக்கு ரத்த முடிவு வந்தது. கல்லீரலில் இப்போதைக்குக் கெடுதல் தெரியவில்லை. டாக்டரம்மா அதில் ரொம்பச் சந்தோஷப்படவில்லை. கல்லீரல் இன்றைக்கு வாய் திறக்காது, நாளைக்குத்தான் சொல்லும் என்றார். ஆனாலும் இரண்டு தடவை என்றால், அதிலும் வாந்தியில் கொஞ்சம் போயிருந்தால், மாற்று மருந்து தேவைப்படாது. இன்னும் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம், தண்ணீர் தங்கினால் வீட்டுக்குப் போகலாம், காலையில் மறுபடி ரத்தம் கொடுக்கவேண்டும்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். குழந்தை கட்டிலில் கண்ணைத் திறந்து, "ப்பா" என்றது. அவன் எழுந்திருக்காமலே கையை நீட்டிக் கட்டிலின் கம்பி வழியாக அதன் காலைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கழிப்பறைக்குப் போனாள். போனது சீட்டைக் கிழித்துத் தண்ணீர் விடுவதற்குத்தான். அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. தாழ்ப்பாளைப் போட்டாள், ஜிப்பைத் திறந்தாள், மடிப்பைப் பிரித்தாள். ஐந்து மில்லிக்குக் கீழே திங்கள், செவ்வாய், புதன் என்று இருவர் கையெழுத்திலும் நேரங்கள். கடைசியில் வியாழன், அவனுடைய சாய்ந்த கோழிக் கிறுக்கலில்.

8.10.

12.00.

3.30 – பாட்டிலில் இருந்தது மட்டும்.

அவள் அதை மூன்று முறை படித்தாள். அரைத் தூக்கத்தில், தானே மறந்துபோன ஒரு காரியத்தை, எழுதவும் என்று அவள் சொன்னதற்காக அவன் எழுதி வைத்திருக்கிறான். மூடி நிறையவில்லை என்பதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறான்.

கணக்குப் போட அவளுக்குக் காகிதம் தேவையில்லை, தினமும் செய்கிற வேலை. மூன்று தடவை, பத்து கிலோ, சாப்பிடாத குழந்தை. காலையிலிருந்து உள்ளே போன மருந்து ஒவ்வொரு நிமிஷமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவள் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் செய்துகொண்டுதான் இருந்தது.

தாழ்ப்பாள் வரவில்லை. மூன்றாவது இழுப்பில்தான் திறந்தது. வெளியே வந்து, நடைவழியில் யார் மேலோ மோதி, நேராக டாக்டரம்மாவிடம் போய்ச் சீட்டை நீட்டினாள்.

"மூணு தடவை டாக்டர். மூணரைக்கு ஒண்ணு இருக்கு."

"எங்க இருந்துச்சு இது?"

"என் பையில. நான்தான் எடுத்தேன். ஒண்ணேகால்னு நான் எழுதவே இல்லை. அவர் சீட்டுல இருந்ததைத்தான் குடுத்திருக்கார்."

டாக்டரம்மா சீட்டைப் படித்தார். திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டு மருந்தின் பெயரைச் சொன்னார், குழந்தைகள் வார்டில் இடம் கேட்கச் சொன்னார், பெரிய டாக்டருக்குப் போன் போடச் சொன்னார். எல்லாம் ஒரே மூச்சில். இரண்டு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவன் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

குழந்தையின் கையில் நாலு இடத்தில் குத்தியும் ஊசி சரியாக இறங்கவில்லை. அவன் கால்களைப் பிடித்துக்கொண்டான், அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து அலறியது. பெற்றவர்களே சேர்ந்து பிடித்துக் குத்த விடுகிறார்களே என்று அதற்குப் புரியாத அழுகை. ஐந்தாவது இடத்தில் ரத்த நாளம் கிடைத்தது. கையை ஒரு சின்ன அட்டையில் வைத்துக் கட்டினார்கள். டிரிப்ஸ் ஏற ஆரம்பித்தபோது ஏழு மணி.

இன்னும் இருபது மணி நேரம் இது ஏறவேண்டும். காலையில் ரத்தம் எடுப்பார்கள். கல்லீரல் என்ன சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும். நேரத்துக்குப் போட்டுவிட்டோம் என்றே நினைக்கிறேன், ஆனால் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் போன பிறகு வார்டு அமைதியாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாருடைய குழந்தையோ பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தது. அவன் போனை எடுத்து மேலதிகாரியிடம் பேசினான். இன்றைக்கு வரமாட்டேன், நாளைக்கும் வரமாட்டேன், வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். எதிர்ப்பக்கத்தில் ஏதோ கத்தினார்கள். இந்தத் தடவை அவன் தலையாட்டவில்லை.

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். அவள் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பான், டாக்டர் முன்னால் என்னைக் குற்றவாளியாக நிறுத்தினாயே என்று கேட்பான். கேட்டால் காலில் விழுவதென்று முடிவு செய்திருந்தாள்.

அவன் அதையெல்லாம் கேட்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"நான் பாயை அலச உள்ள போனேன்ல" என்றான். "அப்பதான் சீட்டை எடுத்தியா?"

"ஆமா."

"இவளைத் தூக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

சீட்டை எடுத்தபோது அவன் குளியலறையில் இருந்தான், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அவள் எது சொன்னாலும் அதுதான் நிஜம், உலகத்தில் இன்னொரு சாட்சி கிடையாது. அவன் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் என்று சொல்லிவிடு என்று அந்தக் கண் கெஞ்சிய மாதிரிதான் அவளுக்குத் தோன்றியது.

"முன்னாடி" என்றாள்.